சிகிச்சைக்குப் பின் படகோட்டம் பழகலாமா?

இதய நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்கள் மறுபரிசோதனைக்கு வரும்போது எங்களிடம் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை உணவையும் மாத்திரைகளையும் பற்றியவை. அண்மைக் காலமாக வேறொரு கேள்வியும் எழுகின்றது. “பணி ஓய்வு பெற்றுவிட்டேன். நீண்ட நாள் ஆசை ஒன்று உண்டு. பாய்மரப் படகு ஓட்டப் பழகலாமா?” என்று கேட்கிறார்கள். கயாக் எனப்படும் சிறு துடுப்புப் படகைப் பற்றிக் கேட்போரும் உளர். உடன் வந்திருக்கும் மனைவியோ மகனோ எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ‘கூடாது’ என்னும் ஒரு சொல் எங்கள் வாயிலிருந்து வந்துவிட்டால் அவர்களுக்குப் பெரும் நிம்மதி.

இக்கேள்விக்கு எளிதாகச் சொல்லிவிடக்கூடிய விடைகள் இரண்டு. இதய நோயாளி கடற்பக்கமே போகலாகாது என்பது ஒன்று. மனம் விரும்பினால் தாராளமாகப் போய் வரலாம் என்பது மற்றொன்று. முதல் விடை, நலமடைந்த ஒருவரைக் காரணமின்றி நாற்காலியில் முடக்கிவிடுகிறது. இரண்டாவது விடை, தவிர்த்திருக்கக்கூடிய ஓர் இழப்பை வீட்டிற்குக் கொண்டு வரக்கூடும். சரியான விடை ஆளுக்கு ஆள் மாறுபடும். அதைக் கண்டறியும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

படகில் உடல் செய்யும் வேலை

உடலுழைப்பை அளக்க மருத்துவர்கள் ‘மெட்’ என்னும் அலகைப் பயன்படுத்துகின்றனர். அசையாமல் அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் 1 மெட். சமதரையில் இயல்பான வேகத்தில் நடப்பதற்கு ஏறத்தாழ 3 மெட் தேவைப்படுகிறது. மிதமான காற்றில் பொழுதுபோக்காகப் பாய்மரப் படகு செலுத்துவதற்கும் ஏறத்தாழ அதே அளவு போதும். அமைதியான நீரில் மெதுவாகத் துடுப்புப் போடுவதும் இவ்வளவே. வேகமாகத் துடுப்புப் போட்டால் அது 5 மெட்டைத் தாண்டும். போட்டிக்காகத் துடுப்பு வலிப்பவர்களுக்கு 12 மெட் அளவுக்கு உயரும்.

டிரெட்மில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் அதில் எத்தனை மெட் வரை நடந்தார்கள் என்பது குறிக்கப்பட்டிருக்கும். வழக்கமான புரூஸ் முறையில் மூன்று நிமிடத்திற்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் கூட்டப்படும். இரண்டாம் கட்டத்தை, அதாவது ஆறு நிமிடத்தை, நெஞ்சுவலியோ இதயத் துடிப்புக் கோளாறோ இன்றி முடித்தவர் ஏறத்தாழ 7 மெட் வரை செயல்பட வல்லவர். நெடுநேரம் செய்யும் எந்த வேலையும் ஒருவருடைய உச்ச அளவில் ஏறத்தாழப் பாதியைத் தாண்டாதிருப்பது நல்லது. இந்தக் கணக்கின்படி, 7 மெட் வரை நடந்தவருக்கு அமைதியான நாளில் படகு செலுத்துவது அளவுக்கு மீறிய உழைப்பன்று.

ஆயினும் மெட் கணக்கு மட்டும் போதாது. சிறிய பாய்மரப் படகு காற்றின் விசையால் ஒரு பக்கம் சாயும். அதைச் சமன் செய்யப் படகோட்டி விளிம்பில் அமர்ந்து, பாதங்களை ஒரு பட்டைக்குள் மாட்டிக்கொண்டு, உடலை நீரின் மேல் வெளியே சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்போது தொடைத் தசையும் வயிற்றுத் தசையும் அசையாமல் இறுகி நிற்கின்றன. இவ்வாறு இறுகிய தசை தனக்குள் ஓடும் இரத்தக் குழாய்களை நெருக்குகிறது. அதனால், செலவாகும் ஆற்றல் குறைவாக இருந்தும், இரத்த அழுத்தம் வெகுவாக உயர்கின்றது. மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்குபவருக்கு நேர்வதும் இதுவே. கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களும், பெருந்தமனி வீங்கியிருப்பவர்களும், பெருந்தமனி வால்வு சுருங்கியிருப்பவர்களும் இவ்வகைப் படகைத் தவிர்க்க வேண்டும். அகன்ற அடித்தளமும் கனமான அடிக்கட்டையும் கொண்ட பெரிய படகில் இத்தகைய சாய்வுக்குத் தேவை இல்லை. அங்கே சுக்கான் பிடிப்பவர் அமர்ந்தபடியே வேலை செய்யலாம்.

இன்னொன்றையும் கருத வேண்டும். சிறிய படகு கவிழ்வது விபத்தன்று. பயிற்சியின் முதல் வாரத்திலேயே அதைக் கவிழ்த்து நிமிர்த்தக் கற்றுத் தருவார்கள். நீரில் கிடந்தபடி, படகின் அடிப்பலகையைப் பற்றி ஏறி, முழு எடையையும் கொடுத்துப் பாயை நீரிலிருந்து கிளப்ப வேண்டும். அந்த இரண்டு நிமிட உழைப்பு மாடிப்படிகளை விரைந்து ஏறுவதற்கு ஒப்பானது. ஆகவே ‘மெதுவாக ஓட்டுவேன்’ என்று கூறுபவரிடமும் அவரது படகு எவ்வகை என்று நாங்கள் கேட்கிறோம்.

நீருக்குள் நிகழ்வது

கழுத்தளவு நீரில் ஒருவர் நிற்கும்போது நீரின் அழுத்தம் கால்களையும் வயிற்றையும் சுற்றிலும் நெருக்குகின்றது. அங்குள்ள சிரை இரத்தம் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் இரத்தம் கூடுதலாக மார்புக்குள் வந்து சேர்கிறது. நலமான இதயம் இதை எளிதில் ஏற்றுக்கொண்டு ஒவ்வொரு துடிப்பிலும் சற்று அதிக இரத்தத்தை வெளியேற்றும். பலவீனமான இதயத்திற்கு இது திடீரெனச் சுமத்தப்பட்ட பளு. கரையில் நன்றாக நடமாடும் இதயச் செயலிழப்பு நோயாளி ஒருவர் நீரில் இறங்கியவுடன் மூச்சுத் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். படகிலிருந்து தவறி விழுவோர் எல்லாரும் இந்த மாற்றத்திற்கு உள்ளாகிறார்கள்.

குளிர்ந்த நீர் வேறு வகையில் ஆபத்தானது. 15 டிகிரிக்கும் குறைந்த வெப்பமுள்ள நீரில் எதிர்பாராமல் விழுந்தால் தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு எழும். வாய் நீருக்குள் இருக்கும் நேரத்தில் அது எழுந்தால் நீர் நுரையீரலுக்குள் போகும். மூச்சு மிக வேகமாகும். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் தாவி உயரும். இந்நிலை ஓரிரு நிமிடங்களில் தணியும். அந்த நிமிடங்களில் நீந்த முயலாமல், மல்லாந்து மிதந்து, மூச்சைச் சீராக்கிக் கொள்வதே உயிரைக் காக்கும் வழி. சென்னைக் கடலில் நீர் பெரும்பாலும் 25 டிகிரிக்கு மேலேயே இருப்பதால் இக்குளிர் அதிர்ச்சி இங்கே அரிது. ஆனால் பிள்ளைகளைக் காண இங்கிலாந்துக்கோ கனடாவுக்கோ சென்று அங்குள்ள ஏரிகளில் படகேறும் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

எங்கள் கேள்வி

ஒருவரைப் படகோட்டம் பழக அனுமதிக்கலாமா என்று முடிவு செய்யும்போது, அவரது இதயம் எவ்வளவு வலிமையானது என்பதோடு நாங்கள் நிறுத்திக்கொள்வதில்லை. வேறொரு கேள்வியையும் கேட்கிறோம். இவர் அரை நிமிடம் நினைவிழந்தால் என்ன ஆகும்?

வீட்டுக் கூடத்தில் ஒருவர் அரை நிமிடம் மயங்கினால், கீழே விழுந்து சிராய்ப்புடன் எழுந்துவிடுவார். நடைப்பயிற்சியின்போது மயங்கினால் யாரேனும் தாங்கிப் பிடிப்பர். நீரிலோ, முகம் கீழ்நோக்கி இருக்கும் அரை நிமிடம் ஓர் உயிரின் விலையாகிவிடலாம். அதே ஆள், அதே நோய், அதே மயக்கம். இடம் மட்டுமே வேறு. ஆதலால் நினைவிழக்கும் வாய்ப்புள்ள நோய்கள் அனைத்தையும் நாங்கள் தனியே பிரித்துப் பார்க்கிறோம். அடக்கமற்ற வலிப்பு நோய், இதயத் துடிப்புக் கோளாறு, காரணம் கண்டறியப்படாத மயக்கம், இன்சுலினால் நேரும் தாழ் சர்க்கரை நிலை ஆகியவை இவ்வகையின.

இக்கேள்வியால் சிலருக்கு வழி திறக்கிறது. சிலருக்கு வழி அடைபடுகிறது. இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கூறுகிறோம்.

61 வயதான ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர், மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் பொருத்தப்பட்டுப் பத்து மாதங்கள் கழித்து எங்களிடம் வந்தார். அவரது எக்கோ பரிசோதனையில் இதயத்தின் இயக்கம் இயல்பாக இருந்தது. டிரெட்மில்லில் சிரமமின்றி நடந்தார். மயக்கம் வந்த வரலாறு இல்லை. ஆயினும் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் மருந்துகள் இரண்டை உட்கொண்டு வந்தார். ஓராண்டு நிறைந்தபின் அவற்றில் ஒன்று நிறுத்தப்பட இருந்தது. அதுவரை பொறுத்திருந்து, அந்த இடைவெளியில் நீச்சல் கற்றுக்கொள்ளும்படி கூறினோம். அவருடைய மனைவிக்கு இதில் சிறிதும் உடன்பாடில்லை. “இவ்வளவு செலவு செய்து காப்பாற்றியது கடலில் விடுவதற்கா?” என்று அவர் கேட்டது நியாயமான கேள்வியே. நாங்கள் பரிசோதனை முடிவுகளை அவருக்கும் விளக்கினோம். தனியாகப் போகமாட்டேன் என்று கணவர் வாக்களித்தார். இப்போது அவர் வாரம் இருமுறை பயிற்றுநருடன் படகேறுகிறார். மனைவி எங்கள் மருத்துவமனையில் நடந்த முதலுதவிப் பயிற்சியில் சேர்ந்து இதய அழுத்தச் சிகிச்சை கற்றுக்கொண்டார்.

இரண்டாமவர் 24 வயது இளைஞர். வலுவான உடலும் நீச்சல் திறனும் உடையவர். கயாக் ஓட்ட விரும்பினார். ஆனால் மூன்று மாதங்களுக்கு முன்னர் அவருக்கு வலிப்பு வந்திருந்தது. மாத்திரையின் அளவும் இன்னும் நிலைப்படவில்லை. அவருக்கு அனுமதி மறுத்தோம். வருத்தத்துடனேயே சென்றார். வலிப்பு உள்ளவர்களிடையே நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பன்மடங்கு அதிகம் என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை. வலிப்பின்றி நீண்ட காலம் கடந்தபின், நரம்பியல் மருத்துவரின் ஒப்புதலுடன், பிறரோடு சேர்ந்து பெரிய படகில் செல்ல அவருக்கு வாய்ப்புண்டு. ஒருவர் மட்டும் அமரும் கயாக் அப்போதும் அவருக்கு ஏற்றதாகாது.

ஒரு குடும்ப வரலாற்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞரோ சிறுவரோ காரணம் தெரியாமல் நீரில் மூழ்கி இறந்திருந்தால், அக்குடும்பத்தினர் அனைவரும் ஈசிஜி எடுத்துப் பார்ப்பது நல்லது. ‘லாங் க்யூடி’ எனப்படும் பரம்பரைக் கோளாறின் ஒரு வகையில், நீந்தும்போதே உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறு தோன்றக்கூடும். இது சிகிச்சைக்கு உட்படக்கூடிய நோய். விதியென்று விட்டுவிடத் தேவையில்லை.

எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும்?

மாரடைப்புக்கு ஸ்டென்ட் பொருத்தப்பட்டு, சிக்கல் ஏதுமின்றி வீடு திரும்பியவர்கள் முதல் ஆறு வாரங்களை நடைப்பயிற்சிக்கும் இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும். அதன்பின் எக்கோவும் டிரெட்மில்லும் செய்து பார்த்தே படகைப் பற்றிப் பேசலாம்.

பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு நடுமார்பு எலும்பு பிளக்கப்பட்டு மீண்டும் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அது ஒட்டிச் சேர ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். முழு வலிமை பெற மேலும் காலம் தேவை. துடுப்பு வலித்தல், கயிறு இழுத்தல் ஆகியவை இரு தோள்களையும் விரிக்கும் செயல்கள். மூன்று மாதங்களுக்கு அவற்றைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்கள் முதல் சில வாரங்களுக்கு அப்பக்கக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தலாகாது. பின்னாளிலும், நெடுங்காலம் தொடர்ந்து துடுப்பு வலிப்பதால் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே செல்லும் மின்கம்பி நசுங்கிச் சேதமுறும் வாய்ப்புண்டு. இவர்களுக்குத் துடுப்பைவிடச் சுக்கானும் பாயும் பொருத்தமானவை.

மலைவாழ் ஏரிகளைப் பற்றியும் ஒரு சொல். கொடைக்கானல் ஏரி கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகை ஏரி அதனினும் சற்று உயரம். அங்கே காற்றில் உயிர்வளியின் அழுத்தம் குறைவு. ஊரில் எளிதாகத் தோன்றும் மிதிபடகு அங்கே மூச்சு வாங்கச் செய்யும். சென்றடைந்த முதல் நாளே படகேறாமல் ஒருநாள் ஓய்வெடுத்துக்கொள்வது நன்று.

மருந்துகளும் படகும்

இரத்தம் உறைதலைத் தடுக்கும் மருந்துகளான அசிட்ரோம், வார்ஃபரின், அபிக்ஸாபான் போன்றவற்றை உட்கொள்வோர் படகில் தலையைக் காக்க வேண்டும். பாயின் அடியில் ‘பூம்’ என்றழைக்கப்படும் ஒரு கிடைக்கம்பு உண்டு. படகு திரும்பும்போது அது தலைமட்டத்தில் வேகமாக வீசும். மற்றவர்களுக்குப் புடைப்பாக முடியும் அடி, இவர்களுக்கு மூளைக்குள் இரத்தக் கசிவாக மாறலாம். தலைக்கவசம் அணிவதும், ‘திரும்புகிறோம்’ என்று பயிற்றுநர் குரல் கொடுத்தவுடன் குனிவதும் கட்டாயம். அடிபட்டபின் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்கு வரவேண்டும்.

சிறுநீர் பெருக்கும் மாத்திரைகளை உட்கொள்வோர் வெயிலில் எளிதில் நீரிழப்புக்கு ஆளாவர். கடற்காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் இழந்த நீர் கண்ணுக்குத் தெரியாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய மாத்திரைகளை எடுப்போருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதற்காக மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். எந்த நேரத்தில் உட்கொள்வது, எவ்வளவு நீர் அருந்துவது என்பதை எங்களிடம் கேட்டறியுங்கள்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் படகேறுமுன் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். நீர்புகாப் பையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும். அது எங்கே உள்ளது என்பதை உடன் வருபவர் அறிந்திருக்க வேண்டும். மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகள் தாழ் சர்க்கரையின் அறிகுறிகளான படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், வியர்வையை மறைப்பதில்லை. ஆனால் வெயிலில் வியர்வையை யார் பொருட்படுத்துவார்? ஆகையால் அறிகுறிக்காகக் காத்திராமல் குறித்த நேரத்தில் சிற்றுண்டி கொள்வதே முறை.

ஆமியோடரோன் உட்கொள்வோருக்குச் சருமம் வெயிலில் எளிதில் கன்றிப்போகும். முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் அவர்களுக்கு மருந்தைப் போலவே இன்றியமையாதவை. நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையைப் படகில் பயன்படுத்த நேர்ந்தால் முதலில் அமர்ந்துகொள்ள வேண்டும். அம்மாத்திரை இரத்த அழுத்தத்தைக் குறைப்பதால் நின்றபடி வைத்துக்கொண்டால் மயங்கி விழ நேரிடும்.

கடற்குமட்டலுக்குப் பலரும் அவோமின் மாத்திரையைத் தாங்களாகவே வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அது தூக்கத்தை உண்டாக்கும். சுக்கான் பிடிப்பவருக்குத் தூக்கம் நண்பனன்று. புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு இவ்வகை மருந்துகள் சிறுநீர் அடைப்பை ஏற்படுத்தலாம். ஒருவகைக் கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்குக் கண்வலியைத் தரலாம். தொடுவானத்தைப் பார்த்தபடி படகின் நடுப்பகுதியில் காற்றோட்டமாக அமர்வதே முதல் மருந்து.

உயிர்காப்பு அங்கி

லைஃப் ஜாக்கெட் என்ற ஒரே பெயரால் இருவேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று மிதக்க உதவும் சட்டை. அதில் 50 நியூட்டன் என்று குறிக்கப்பட்டிருக்கும். நினைவோடு இருந்து நீந்தக்கூடியவருக்கு அது துணை செய்யும். நினைவிழந்தவரின் முகத்தை மேலே திருப்ப அதனால் இயலாது. மற்றொன்று உண்மையான உயிர்காப்பு அங்கி. அமைதியான நீருக்கு 100 நியூட்டன், திறந்த கடலுக்கு 150 நியூட்டன் எனக் குறிக்கப்பட்டவை இவ்வகையின. கழுத்தைச் சுற்றி மிதவை உடைய இந்த அங்கி, நினைவற்றவரையும் மல்லாத்தி முகத்தை நீருக்கு மேலே நிறுத்துவதற்கென வடிவமைக்கப்பட்டது.

நாம் மேலே கேட்ட அரை நிமிடக் கேள்விக்கு ஒரு பொருள் விடை தருமானால், அது இந்த இரண்டாவது அங்கிதான். எங்கள் நோயாளிகள் அனைவருக்கும் இதையே பரிந்துரைக்கிறோம். அளவு சரியாக இருக்கவேண்டும். தோள்பட்டைகளைப் பிடித்து மேலே இழுத்தால் அங்கி முகவாயைத் தாண்டி எழலாகாது. கால்களுக்கிடையே செல்லும் பட்டை இருந்தால் அதைக் கட்டாயம் மாட்டவேண்டும். ஊதல் ஒன்று கட்டப்பட்டிருக்க வேண்டும். அங்கியை மடியில் வைத்துக்கொண்டு அமர்வதால் பயனில்லை.

எங்கே, எவ்வாறு தொடங்குவது?

முதற்படி நீச்சல். குளத்தில், பயிற்றுநர் முன்னிலையில், உடையணிந்தபடி 50 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் மல்லாந்து மிதக்கவும் பழகியபின் படகைத் தேடலாம்.

பாய்மரப் பயிற்சிக்குச் சென்னை பழைமையான இடம். 1911-இல் தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப் சென்னைத் துறைமுகத்தினுள் இன்றும் இயங்குகின்றது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் பாய்மரப் படகு செலுத்திய நேத்ரா குமணன், விஷ்ணு சரவணன், கணபதி, வருண் தக்கர் ஆகிய நால்வரும் தமிழகத்தைச் சேர்ந்தவர்களே. தமிழில் நாம் கட்டுமரம் என்று வழங்கும் சொல்லே ஆங்கிலத்துக்குச் சென்று உலகெங்கும் இரட்டை உடற்படகின் பெயராகிவிட்டது. ஆகவே இப்பொழுதுபோக்கு நமக்கு அந்நியமானதன்று.

பயிற்சி நிலையத்தில் சேருமுன் நான்கு செய்திகளைக் கேட்டறியுங்கள். பயிற்சிப் படகுகளுக்கு அருகே விசைப்படகு ஒன்று காவலாக நிற்குமா? பயிற்றுநர் உயிர்காப்புப் பயிற்சி பெற்றவரா? அங்கி எவ்வகை? வானிலை மாறினால் பயிற்சியை நிறுத்துவது யார் பொறுப்பு? வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடல் தொடக்கநிலையாளருக்கு ஏற்றதன்று. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வலுக்கும். ஆதலால் காலை நேரமே புதியவர்களுக்கு உகந்தது.

கப்பற்பணிக்குச் செல்வோர் அனைவரும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி பெறவேண்டும் என்பது பன்னாட்டு விதி. நீரில் உயிர்பிழைக்கும் முறை, தீயணைப்பு, முதலுதவி, பணியிடப் பாதுகாப்பு என்னும் நான்கும் அதில் அடங்கும். பொழுதுபோக்காளருக்கு அந்த விதி இல்லை. ஆயினும் அதன் முதற்பாடமும் முதலுதவியும் எல்லாருக்கும் தேவையானவை.

நடக்க இயலாதவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. கவிழாதபடி கனமான அடிப்பலகை பொருத்தி, தாழ்வான இருக்கையில் அமர்ந்து, ஒற்றைக் கைப்பிடியால் செலுத்தக்கூடிய ‘ஹன்சா’ வகைப் படகுகள் உலகின் பல இடங்களில் உள்ளன. 2000 முதல் 2016 வரை பாராலிம்பிக்கில் பாய்மரப் போட்டி பதக்க விளையாட்டாக இருந்தது.

இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி, 2018 செப்டம்பரில் தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் இருந்தபோது, தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கி முதுகெலும்பு முறிந்து, அசைய முடியாமல் படகினுள் கிடந்தார். மூன்று நாட்களுக்குப் பின் ஒரு பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. முதுகெலும்பில் உலோகத் தண்டுகள் பொருத்தப்பட்டன. 2023 ஏப்ரலில் அதே பந்தயத்தை அவர் இரண்டாமவராக நிறைவு செய்தார். அவருடைய மன உறுதியை அனைவரும் போற்றுகிறோம். எங்கள் நோயாளிகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை வேறு இரண்டு. அவர் எங்கே இருக்கிறார் என்பது கரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. காயம் ஆறுவதற்கு அவர் ஆண்டுக்கணக்கில் காலம் கொடுத்தார்.

உடன் இருப்போருக்கு

நீரில் மூழ்குபவர் திரைப்படத்தில் காண்பதுபோல் கையை வீசிக் கூச்சலிடுவதில்லை. மூச்சுக்கே போராடுபவரால் குரல் எழுப்ப முடியாது. தலை பின்னோக்கிச் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் மூழ்கியும் எழுந்தும், ஓசையின்றி ஒரு நிமிடத்திற்குள் மறைந்துவிடுவார். ஆகவே அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒருவர் வேண்டும்.

காப்பாற்ற நீரில் குதிக்காதீர்கள். கயிறு, துடுப்பு, மிதவை எதையேனும் எறியுங்கள் அல்லது நீட்டுங்கள். நெடுநேரம் நீரில் இருந்தவரை இயன்றவரை படுத்த நிலையிலேயே தூக்குங்கள். நிற்கவைத்துத் தூக்கினால் இரத்த அழுத்தம் திடீரெனக் குறைந்து இதயம் நின்றுபோகலாம். வலிப்பு வந்தவரை நீரில் பிடித்து அடக்க முயலாமல், தலையை மட்டும் நீருக்கு மேலே தாங்கிப் பிடியுங்கள். உதறல் நின்றபின் வெளியே கொணருங்கள்.

மூச்சில்லாதவரின் வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயலலாகாது. தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் கூடாது. இவற்றால் விலைமதிப்பற்ற நேரம் வீணாகிறது. வயிற்றிலுள்ளவை நுரையீரலுக்குள் போகவும் வழியாகிறது. முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். பின்னர் நடுமார்பில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். 30 அழுத்தத்திற்கு இரண்டு மூச்சு என்ற கணக்கில், உதவி வரும்வரை தொடருங்கள். நினைவு திரும்பிவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டு வரவேண்டும். நுரையீரலுக்குள் சென்ற நீரின் விளைவு சில மணி நேரம் கழித்தும் தோன்றக்கூடும்.

ஆம்புலன்ஸுக்கு 108, கடலில் ஆபத்து நேர்ந்தால் இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திற்கு 1093 ஆகிய எண்களைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையிலுள்ள ஒருவருக்குச் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

படகோட்டம் பழக விரும்பும் எங்கள் நோயாளிகள், அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது கடைசியாக எடுத்த எக்கோ, டிரெட்மில் அறிக்கைகளையும், உட்கொள்ளும் மருந்துகளின் முழுப் பட்டியலையும், ஏற விரும்பும் படகின் வகை குறித்த விவரத்தையும் கொண்டு வாருங்கள். குடும்பத்தில் இதற்கு உடன்படாதவர் எவரோ, அவரையும் உடன் அழைத்து வாருங்கள். அவருடைய அச்சங்களுக்கும் நாங்கள் விடை சொல்ல வேண்டும். எங்களால் அனுமதிக்க இயலாதபோது அதன் காரணத்தை விளக்குவோம். எப்போது மீண்டும் கேட்கலாம் என்பதையும் தெரிவிப்போம்.